கேம் தியரியைக் கட்டத்தில் தொடங்குங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என்னிடம் டியூஷன் வரும் பி.ஏ. பொருளாதாரப் பிள்ளைகள், கேம் தியரி (ஒருவர் முடிவு மற்றவர் லாபத்தையும் பாதிக்கும்போது யார் எதைத் தேர்வார்கள் என்ற கணக்கு) என்றதும் வரையறைகளை மனப்பாடம் செய்ய உட்காருவார்கள். நோட்டை மூடச் சொல்வேன். முதலில் இரண்டுக்கு இரண்டு கட்டம் போடுங்கள்: வரிசைகளில் உங்கள் தேர்வுகள், நெடுவரிசைகளில் எதிராளியின் தேர்வுகள், ஒவ்வொரு கட்டத்திலும் இருவரின் லாபம்.

சில்வர் பீச்சில் இரண்டு சுண்டல் வண்டி, ஒன்று உங்களுடையது. விலை 20 ரூபாயா, 15 ரூபாயா? இருவரும் 20 வைத்தால் ஆளுக்கு 600 லாபம். இருவரும் 15 என்றால் 450. ஒருவர் மட்டும் இறக்கினால் அவருக்கு 800, மற்றவருக்கு 300. (எண்கள் என் கற்பனை, வண்டிக்காரரிடம் போய்ச் சண்டை பிடிக்காதீர்கள்.) எதிராளியின் விலையை விரலால் அழுத்திக்கொண்டு, உங்களுக்கு எது மேல் என்று பார்த்து அடிக்கோடிடுங்கள். அவர் 20 வைத்தாலும் 15தான் மேல். 15 வைத்தாலும் அதேதான். அடுத்து அவர் பக்கமிருந்து அதே வேலை. இரண்டு எண்ணிலும் கோடு விழுந்த கட்டமே நாஷ் சமநிலை. 600 கண்ணெதிரே இருந்தும் இருவரும் 450-ல் நிற்கிறார்கள். இதுதான் கைதிகளின் இக்கட்டு. சமநிலையை "இருவருக்கும் சிறந்த முடிவு" என்று எழுதினால் மதிப்பெண் போச்சு. தனியாக விலகினால் யாருக்கும் ஆதாயமில்லை, அவ்வளவே.

வரலாறு ஒரு வரி போதும்: கணிதவியலாளர் ஜான் நாஷ் இந்தச் சமநிலையை 1950-ல் வெளியிட்டார், 1994-ல் ஹர்சானி, செல்டனோடு நோபல்.

கலப்பு உத்திதான் (ஒரே வழியில் நிற்காமல், இரண்டு வழிகளையும் ஒரு நிகழ்தகவோடு மாற்றி மாற்றி ஆடுவது) பலரையும் கவிழ்க்கும். உங்கள் நிகழ்தகவை உங்கள் லாபத்திலிருந்து எடுக்காதீர்கள். எதிராளிக்கு இரண்டு வழியும் சமமாகும்படி, அவருடைய லாபத்தை வைத்துக் கணக்கிடுங்கள். பிறகு பொருளாதார அறிஞர் கூர்னோவின் 1838 மாதிரி (போட்டி நிறுவனங்கள் விலைக்குப் பதில் உற்பத்தி அளவை முடிவுசெய்யும் கணக்கு). வகையிடல் தெரிந்தவருக்கு ஒரு மாலை வேலை.