கரையோரம் கரவன் நிறுத்தும் முன் தரையைப் பாருங்கள்

பருத்தித்துறையில் இருந்து மன்னார் வரை கரையோரமாகக் கரவனில் (உள்ளேயே படுத்துறங்கக்கூடிய வண்டியில்) போக நினைக்கிறீர்களா? ஐப்பசி, கார்த்திகை என்றால் காலையில் சுள்ளென்று வெயில், பின்னேரம் அடை மழை. பாதை பிரச்சினையில்லை. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு பூநகரி வழியாக ஏ-32 வீதியால் நேரே போகலாம். இரவில் வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

கடல்நீரேரிப் பக்கத்துத் தரையை நம்பாதீர்கள். பூநகரிப் பக்கம் நாங்கள் நிறுத்தியபோது நிலம் வெடித்துக் காய்ந்து கிடந்தது. இரவு மழை பெய்தது. விடிய எழும்பிப் பார்த்தால் தரை முழுக்கக் களி, பின்சில்லு பாதி உள்ளே. தென்னைமட்டைகளைச் சில்லுக்கு முன்னால் நெருக்கி அடுக்கி, மெதுவாக எடுத்துத்தான் வெளியே வந்தோம். பனைமட்டையைத் தொட வேண்டாம், கருக்கு கையைக் கிழித்துவிடும்.

மணற்காடு போன்ற இடத்தில் காய்ந்த மணல்தான் ஆபத்து. ரயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு ஓட்டுங்கள், தார் வீதிக்கு ஏறியதும் திரும்ப அடியுங்கள்.

அப்புறம், வாடைக்காற்றுக் காலத்தில் வண்டியின் முகம் வடகிழக்கைப் பார்த்து நிற்கட்டும். பக்கவாட்டில் நின்றால் இரவு முழுக்க ஆட்டம்தான், தறப்பாளும் கிழியும். தென்னைக்குக் கீழே மட்டும் நிறுத்தவே வேண்டாம்.

வீடு வந்ததும் முதல் வேலை, வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுவது. உப்பு இரும்பை விடாது.