வீட்டுக்குள் ஒரு ரயில்பாதை: முதல்முறை அமைப்பவர்களுக்கு

கிருஷ்ணகிரி நகரத்தில் இன்று ரயில் நிலையம் இல்லை. ரயில் பார்க்க ஆசைப்படும் பிள்ளையை ராயக்கோட்டைக்கோ ஓசூருக்கோ அழைத்துப் போக வேண்டும். ஆனால் 1905-இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 762 மி.மீ. அகலத்தில் குறுகிய ரயில்பாதை போட்டார்கள். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும், பிறகு ஓசூர் வரைக்கும் அதே அகலத்தில் இன்னொன்று ஓடியது. இரண்டையும் 1941-இல் மூடிவிட்டார்கள். மாதிரி ரயில் அமைக்க நினைக்கும் குடும்பத்துக்கு இதைவிட நல்ல கரு கிடைக்காது. மாதிரி ரயில் வரும் அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பனிமலையை விடுங்கள். நம் மாவட்டத்தையே அமையுங்கள்.

முதலில் அளவு

எச்ஓ (HO) எனப்படும் மாதிரி ரயில் அளவில் எல்லாமே நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மி.மீ. ‘என்’ (N) எனப்படும் அளவு 160-இல் ஒரு பங்கு. அகலம் 9 மி.மீ. பின்னது இடத்தை மிச்சப்படுத்தும் என்றாலும் அந்தச் சின்னச் சக்கரங்களைத் தண்டவாளத்தில் ஏற்றுவது குழந்தை விரல்களுக்குக் கடினம். சிறுவர்கள் உள்ள வீட்டில் எச்ஓ போதும் என்பேன்.

ஒரு சுவையான கணக்கு: நம் பழைய 762 மி.மீ. பாதையை 87-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 9 மி.மீ. வருகிறது. எச்ஓ அளவு வீடுகளுக்கு நடுவே ‘என்’ (N) அளவுத் தண்டவாளம் போட்டால் அந்தக் குறுகிய பாதையே கிடைத்துவிடும். கை பழகிய பிறகு அதற்குப் போகலாம்.

வாங்குவது

இன்ஜின், சில பெட்டிகள், முட்டை வடிவப் பாதைக்கான தண்டவாளம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எல்லாம் சேர்ந்த தொடக்கத் தொகுப்பாக வாங்குங்கள். பாக்மன், பிக்கோ, ஹார்ன்பி ஆகியவை பெயர் பெற்றவை. ஹார்ன்பியின் ஓஓ (OO) அளவு 76-இல் ஒரு பங்குதான். ஆனாலும் அதே 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும். அமெரிக்கச் சந்தைக்கான தொகுப்பு என்றால் அடாப்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால் நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகவே கூடாது. நீளமான பயணிகள் பெட்டிகள் சிறிய வளைவில் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். சரக்குப் பெட்டிகளோடு தொடங்குவது நல்லது.

பலகை

எச்ஓ தொகுப்பின் பாதை பெரும்பாலும் 47-க்கு 38 அங்குலம் இருக்கும். எட்டுக்கு நான்கு அடி பிளைவுட்டில் ஐந்தடி வெட்டிக்கொண்டால் ஓரத்தில் ஊர் வைக்கவும் இடம் மிஞ்சும். 12 மி.மீ. தடிமன் போதும், அடியில் சட்டம் அடித்து, ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். ஏற்ற இறக்கம் இப்போது வேண்டாம்.

ஒட்டும் முன் ஓட்டுங்கள்

இரண்டு தண்டவாளங்களும் ஆளுக்கொரு மின்கம்பி. சக்கரங்கள் வழியாகத்தான் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது. மின்முனைகளை மாற்றினால் ரயில் பின்னால் போகும். இதைப் பிள்ளைகளே கருவியைத் திருப்பிக் கண்டுபிடிக்கட்டும். ரயில் தயங்கும் இடத்தில் சாக்பீஸால் குறி வையுங்கள். இணைப்பின் மேல் விரலை ஓட்டினால் மேடு தட்டுப்படும். அதைக் கழற்றி மறுபடி நேராகச் சேர்க்க வேண்டும். எல்லா இணைப்பும் சரியான பிறகே பசை.

ஜல்லி

தனியாக விற்கும் ஜல்லிக்குப் பணம் கொடுக்க வேண்டாம். கிரானைட் உடைக்கும் ஊர்க்காரர்கள் நாம். கிரஷர் தூள் ஒரு பை கிடைக்காமலா போகும்? நிஜப் பாதையின் 65 மி.மீ. கல் இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. ரவை போன்ற பருமன்தான் வேண்டும். இருமுறை சலித்து, மாவாகப் பறப்பதையும் பெரிய பொடியையும் தள்ளிவிடுங்கள். சலிக்கும்போது எல்லோரும் முகக்கவசம் போடுவது கட்டாயம்.

அடுத்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, தூளைத் தாளில் பரப்பி, மேலாக மெல்லத் தடவ வேண்டும். கருப்புத் துகள்கள் மீசை முளைத்ததுபோல் பையில் ஒட்டிக்கொண்டு வரும். பையைத் திருப்பிக் காந்தத்தை எடுத்தால் அத்தனையும் உள்ளே விழுந்துவிடும். ஒன்றும் ஒட்டாத வரை தடவுங்கள். இந்தத் துகள் பாதையில் கிடந்தால் இன்ஜின் மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும், மோட்டார் கெட்டுவிடும்.

தூளைத் தூரிகையால் தண்டவாளத்துக்கு நடுவே பரப்புங்கள். தண்ணீரை மெல்லத் தெளியுங்கள். ஃபெவிகாலும் தண்ணீரும் சம அளவு கலந்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி சேர்த்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அந்த ஒரு துளி இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காமல் மேலேயே உருண்டு நிற்கும். தண்டவாளத்தின் மேல்பக்கத்தை உடனே துடைத்துவிட்டு, இரவு முழுக்கக் காயவிடுங்கள்.

ஊர்

தெர்மாகோலைச் செதுக்கி ராயக்கோட்டைக் குன்றை எழுப்பலாம். முப்பதடி மாமரம் இங்கே சுமார் பத்தரை சென்டிமீட்டர். காய்ந்த சுள்ளியில் பச்சை சாயமிட்ட ஸ்பான்ஜ் துணுக்குகளை ஒட்டினால் மாந்தோப்பு தயார். இதில் பாட்டிகளின் கை நம் கையைவிட நிதானமானது. சுரங்கப்பாதை வைப்பதானால் உள்ளே கை நுழையும்படி வையுங்கள். ரயில் தடம்புரள்வது எப்போதும் அங்கேதான்.

ஓட்டும் முன் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் தண்டவாளத்தைத் துடைத்து, அது உலர்ந்த பிறகு மின்சாரம் கொடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கீறலில் அழுக்குச் சேரும்.

அடுத்ததாக ரயிலை வேறு பாதைக்குத் திருப்பிவிடும் ‘பாயிண்ட்’ ஒன்று வாங்கி, மாம்பழ வேகன் நிற்க ஒரு கிளைப்பாதை போடுங்கள். கிளைப்பாதை சுற்றி வளைந்து தன் மேலேயே வந்து சேரும்படி மட்டும் அமைக்காதீர்கள்: இடது தண்டவாளம் வலதைத் தொட்டு ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும்.