கறிவேப்பிலைச் செடியில் ஒரு புழு: பிள்ளைகள் கவனிக்கும்போது நாம் செய்யக் கூடாதவை

இயற்கையைக் காட்டக் காட்டுக்குத்தான் கூட்டிப்போக வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போடுவதே முதல் தவறு. கொல்லையில் ஒரு கறிவேப்பிலைச் செடி நின்றால் போதும். அதன் கொழுந்தில் பட்டாம்பூச்சி கடுகளவு வெளிர்மஞ்சள் முட்டையைத் தனித்தனியாக இட்டிருக்கும். பொரிந்து வரும் புழு சில நாட்களுக்குப் பறவை எச்சம் மாதிரியே தெரியும். அப்புறம் ஒரு தோலுரிப்பில் பச்சையாகிவிடும்.

பிள்ளை குனிவதற்குள் இந்தக் கதை முழுவதையும் நாமே சொல்லி முடித்துவிடுகிறோம். விடை கைக்கு வந்த பிறகு அது எதற்காகப் பார்க்கும்? "என்ன தெரியுது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பெயரை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்தது, பார்த்ததையும் நினைத்ததையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். வளர்ந்த பச்சைப் புழுவை ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாகக் கவட்டைபோல ஒன்று வெளியே வரும், ஒரு நெடியும் அடிக்கும். "புழுவுக்குக் கோபம்!" என்று பிள்ளை சொல்லும். தப்பு என்று வெட்டாதீர்கள், சரி என்று தலையாட்டவும் வேண்டாம். நோட்டில் நடுவே கோடு போட்டு, தொட்டதும் கவட்டை வந்ததையும் நெடி அடித்ததையும் 'பார்த்தது' பக்கம் எழுதச் சொல்லுங்கள். கோபம் 'நினைப்பது' பக்கம் போகட்டும். "வாலைத் தொட்டாலும் வருமா? ஊதினால்?" என்று அந்தப் பக்கத்திலிருந்துதான் கேள்விகள் கிளம்பும். மெதுவாக ஒருமுறை செய்து பார்த்துவிட்டுப் புழுவை விட்டுவிட வேண்டும். உடம்பெல்லாம் மயிராக இருக்கும் கம்பளிப்பூச்சியை மட்டும் தொடவே விடாதீர்கள், அரிப்பு பாடாய்ப் படுத்திவிடும்.

படம் அழகாக இல்லை என்று திருத்துவதும் கெடுதல்தான். முன்னால் கூரான கால் மூன்று ஜோடி, பின்னால் தடித்த கால் ஐந்து ஜோடி என்று எண்ணி வரைந்திருந்தால், கோணல்மாணலாக இருந்தாலும் அது நல்ல படம்.

தேதியும் நேரமும் எழுதாத குறிப்பால் பயனில்லை. முட்டை பொரிய எத்தனை நாள் ஆனது என்று அப்புறம் சொல்ல முடியாது. 'இன்று புழு இல்லை' என்பதையும் எழுத வேண்டும். சாதாரணமானதை விட்டுவிடும் பழக்கமும் நமக்கு உண்டு. ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் படும் எல்லாப் பறவைகளையும் எண்ணுவார்கள். காகமும் மைனாவும் அதில் சேர்த்திதான்.

கடைசியாக ஒன்று. சில கூட்டுப்புழுக்களிலிருந்து பட்டாம்பூச்சி வராது. சிறு துளை வழியாகக் குட்டிக் குட்டிக் குளவிகள் வரும். பிள்ளை அழுமே என்று அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அந்தக் குளவியின் புழுக்கள் உள்ளேயிருந்து தின்று வளர்ந்தவை. வந்தவை எத்தனை என்று எண்ணி, தேதி போட்டு, அதையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.