ஹிலிகாய்னோன் சொல்லுக்குப் பொருள் தேடுவது எப்படி

என் அறைத்தோழி இலோயிலோக்காரி. பிலிப்பைன்ஸில் பனாய் தீவில் இருக்கிறது அந்த ஊர். அவள் அம்மாவோடு போனில் பேசும் ஹிலிகாய்னோன் மொழியைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் அகராதி புரட்டப் பழகினேன்.

முதலில் சொல்லின் முன்னொட்டைக் கழற்ற வேண்டும். ஒருநாள் அவள் அம்மாவின் செய்தியில் 'கினாஹிட்லாவ்' என்று வந்தது. அப்படியே தேடினால் கிடைக்காது. முன்னால் உள்ள 'கினா'வை எடுத்துவிட்டால் 'ஹிட்லாவ்' என்ற வேர் நிற்கும். 'நாகா', 'நாக்', 'மாக்', 'கின்' என்று தொடங்கும் சொற்களையும் இப்படியே உரித்துப் பாருங்கள்.

ஹிட்லாவுக்கு ஆங்கிலத்தில் 'ஏங்குதல்' என்று பொருள் தருவார்கள். எனக்கு அது போதவில்லை. "எப்போது இதைச் சொல்வீர்கள்?" என்று தோழியிடம் கேட்டேன். வெளியூர் போன பிள்ளையை ரொம்ப நாள் பார்க்காதபோது என்றாள். சட்டென்று விளங்கிவிட்டது. 'குழந்தை அம்மாவைத் தேடுது' என்கிறோமே, அந்தத் தேடல்தான்! அகராதியோடு நிறுத்தாமல் இந்தக் கேள்வியையும் கட்டாயம் கேளுங்கள்.

ஆங்கிலம் வழியாகவே போனால் வழுக்கும் இடங்களும் உண்டு. 'ஹுமாய்', 'புகாஸ்', 'கான்-ஒன்' மூன்றுக்கும் அங்கே 'ரைஸ்' ஒன்றுதான். நமக்கோ நெல், அரிசி, சோறு என்று அச்சாகப் பொருந்துகிறது. மீந்து ஆறிப்போன சோறு 'பாஹாவ்'. 'கான்-ஒன்' நடுவே உள்ள சிறு கோட்டை விட்டுவிடாதீர்கள். அங்கே தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்க வேண்டும்.

பக்கத்து மொழி அகராதியை நம்ப வேண்டாம். 'லங்காம்' தகலாகில் எறும்பு, செபுவானோவில் பறவை. ஹிலிகாய்னோனில் பறவைக்குப் 'பிஸ்பிஸ்' என்பார்கள். அப்புறம், மென்ட்ரிடா பாதிரியார் 1637-இல் வெளியிட்டது போன்ற பழைய அகராதிகளில் எழுத்துமுறை ஸ்பானியம். க ஒலியை 'கே'யில் தேடாமல் 'சி', 'க்யூ' பக்கங்களில் பாருங்கள்.

வேரை மட்டும் நம்பினாலும் ஏமாறலாம். ஆங்கிலத்தின் அரிய சொற்களிலேயே இதைப் பார்க்கலாம். 'பெட்ரிகோர்' 1964-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் உருவாக்கிய சொல். கிரேக்க வேர்களைப் பிரித்தால் கல்லும் தேவர்களின் குருதியும் கிடைக்கும். ஆனால் குறிப்பதோ காய்ந்த நிலத்தில் மழை விழுந்ததும் எழும் மண்வாசனையை!

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முழு வாக்கியத்தை நோட்டில் எழுதி வைக்கிறேன். ஹிட்லாவுக்கு நேரே அம்மாவின் செய்திதான்: 'கினாஹிட்லாவ் நா கோ சா இமோ, லங்கா.' உன்னைத் தேடுது என்கிறாள். கடைசியில் வரும் 'லங்கா', 'பலங்கா'வின் சுருக்கம். அதற்கு நான் எழுதியது, 'கண்ணு'.