ஹோம்கமிங் விருதுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் செய்யும் தவறுகள், என்னுடையதையும் சேர்த்து

ஆகஸ்ட் கடைசியில் எங்கள் அலுவலகத்துக்கு ஹோம்கமிங் கோர்ட்டுக்கு, அதாவது ஹோம்கமிங் விழாவில் கௌரவிக்கப்படும் மாணவர் குழுவுக்கு, விண்ணப்பங்கள் வர ஆரம்பிக்கும். அமெரிக்காவின் நடுமேற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில், மாணவர் நலப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தேர்வுக் குழுவில் இது எனக்கு ஏழாவது வருடம். தஞ்சாவூரிலிருந்து இளநிலை படிக்க வந்த காலத்தில், வேறொரு பல்கலைக்கழகத்தில் இதே மாதிரி விண்ணப்பத்தை நானும் எழுதியவள்தான்.

விண்ணப்பக் கட்டுக்குள் ஒரு தமிழ்ப் பெயர் வந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன். இரண்டாவது பத்தி முடிவதற்குள் பெரும்பாலும் மறுபடி சாய்ந்துவிடுவேன். நான் அன்றைக்குச் செய்த அதே கோளாறுகள். கடைசித் தேதியைத் தவற விடாதீர்கள், எழுத்துப் பிழை பாருங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

அழகிப் போட்டி என்று நினைத்துக்கொள்வது

ஹோம்கமிங் என்பது பழைய மாணவர்கள் தாய்வீடு திரும்பும் திருவிழா. 1911இல் மிசூரி பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநர் செஸ்டர் புரூவர், கேன்சஸுடன் நடக்கவிருந்த அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்துக்கு வந்து சேருங்கள் என்று பழைய மாணவர்களைக் கூப்பிட்டார். ஆட்டம் 3-3 என்று சமனில் முடிந்தது, கூட்டம் மட்டும் அள்ளியது. 1909லேயே நாங்கள் நடத்திவிட்டோம் என்கிறது பேய்லர் பல்கலைக்கழகம், 1910லேயே என்கிறது இல்லினாய் பல்கலைக்கழகம். எந்த ஊர்த் தேர் பெரியது என்று நம்மூரில் நடக்கிற சண்டை மாதிரிதான் இதுவும்.

ராஜா, ராணி, கிரீடம் என்ற சமாசாரம் ரொம்ப நாள் ஓடியது. இன்னும் ஓடுகிற இடங்களும் உண்டு. ஆனால் மினசோட்டா பல்கலைக்கழகம் 2017இலும் பர்டியூ 2018இலும் ராஜா-ராணிப் பட்டத்தை எடுத்துவிட்டு, ஆண் பெண் கணக்கில்லாத பொதுப் பெயருக்கு மாறின. பெயர் எதுவானாலும், இன்றைக்குப் பல வளாகங்களில் விண்ணப்பம், கட்டுரை, நேர்காணல் என்றுதான் தேர்வு போகிறது. மாணவர் ஓட்டும் சில இடங்களில் சேரும். பார்ப்பது தலைமையையும் சேவையையும்.

இது தெரியாமல் ஸ்டுடியோவில் எடுத்த கல்யாண வரன் போட்டோவை இணைக்கிறவர்களால் நஷ்டம் ஒன்றுமில்லை, சிரித்துவிட்டுப் போய்விடலாம். 'அது வெள்ளைக்காரப் பிள்ளைகளின் அழகிப் போட்டி, நமக்கெதற்கு' என்று, நிஜமாகவே வேலை செய்கிற பிள்ளை விண்ணப்பிக்காமல் இருந்துவிடுகிறதே, அதுதான் நஷ்டம்.

பதவிப் பட்டியல்

தலைவர், துணைத் தலைவர், பொருளாளர், ஒருங்கிணைப்பாளர். சரி, என்ன செய்தீர்கள்?

சொந்தக் கடை திறப்பது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு வருடமும் எரிச்சல் மூட்டுவது இதுதான், ஏனென்றால் இதில் நானே கைதேர்ந்தவள்.

இந்தியாவிலிருந்து வரும் புது மாணவர்களை ஆகஸ்டில் விமான நிலையத்துக்குப் போய் அழைத்து வருவது இங்கே பல வளாகங்களில் நடக்கும் காரியம். ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி, முதுகில் ஒரு பை, பெட்டிக்குள் கண்டிப்பாக ஒரு குக்கர். எங்கள் ஊரிலிருந்து விமான நிலையம் ஒன்றரை மணி நேரம். மாணவர் சங்கம் ஒன்று ஏற்கெனவே இதைச் செய்துகொண்டிருந்தது. மந்தமாகத்தான் நடக்கும், மெயில் போட்டால் மூன்று நாள் கழித்துப் பதில் வரும். நான் அதில் சேர்ந்து அதைச் சரி செய்திருக்கலாம். செய்யவில்லை. தனியாக ஒன்று தொடங்கினேன். அதற்கு ஒரு பெயர், ஒரு லோகோ, மஞ்சள் டி-ஷர்ட். தொடங்கியவள் என்று விண்ணப்பத்தில் எழுதினால் கனமாக இருக்கும் என்ற கணக்கு மனதில் இல்லை என்று சொன்னால் பொய்.

முதல் ஆகஸ்டில் 41 பேர், அடுத்த ஆகஸ்டில் 63 பேர். நன்றாகவே நடந்தது. கார் வைத்திருக்கும் சீனியர்களின் எண்கள், யார் ராத்திரி வண்டி ஓட்டுவார், யாருடைய டிக்கியில் நான்கு பெட்டி கொள்ளும், எல்லாம் என் போனிலும் என் தலையிலும் இருந்தன. நாங்கள் நன்றாகச் செய்வதைப் பார்த்துப் பழைய சங்கம் தன் பட்டியலை மூடிவிட்டது. அக்டோபரில் ஸ்டேடியத்தில் எனக்குத் தோளில் ஹோம்கமிங் பட்டை போட்டார்கள். மே மாதம் பட்டம் வாங்கி, வேலை கிடைத்து, வேறு மாநிலம் போய்விட்டேன்.

புது மாணவர்கள் பெயர் பதியும் கூகுள் ஃபார்மை மூட மறந்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, சிகாகோ பக்கம் ஒரு பொங்கல் விழாவில் மதுரைப் பையன் ஒருவன் சர்க்கரைப் பொங்கல் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எங்கே படித்தீர்கள் என்று பேச்சு போனது. "அக்கா, அந்த மஞ்சள் டி-ஷர்ட் குரூப் நீங்கதானா?" என்றான். பெருமையாக ஆமாம் என்றேன். நான் ஊரை விட்டுப் போன அந்த ஆகஸ்டில் அவன் ஃபார்மை நிரப்பியிருக்கிறான். 'உங்களை அழைத்துவர ஆள் வருவார்' என்று தானாகப் போகும் மெயிலும் போயிருக்கிறது. இரவு 11.40க்கு இறங்கியிருக்கிறான். யாரும் வரவில்லை. இந்திய சிம் வேலை செய்யவில்லை. இரண்டு பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்து விடிய விடியக் காத்திருந்து, ஐந்து மணிக்குத் தரை துடைக்க வந்தவரிடம் போன் வாங்கி யாரையோ பிடித்திருக்கிறான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத்தான் தெரியவில்லை.

அதனால்தான் நேர்காணலில் நான் கேட்கும் முதல் கேள்வி: "இப்போது அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" பெரும்பாலும் பதில் வராது. வருடத்துக்கு நான்கைந்து புது அமைப்புகளைப் பார்க்கிறேன். எல்லாவற்றுக்கும் லோகோ உண்டு, அடுத்த வருடம் எதுவும் உயிரோடு இருப்பதில்லை. அதே சமயம், மாணவர்களுக்கு இலவசமாக உணவுப் பொருள் கொடுக்கும் வளாகத்தின் ஃபுட் பேன்ட்ரியில் வியாழக்கிழமை மாலைக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் 1993இல் தொடங்கிய உணவு வங்கி இன்றைக்கும் ஓடுகிறது. தொடங்கியவர்கள் எப்போதோ பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள்.

புதிதாகத் தொடங்கியே தீரவேண்டிய தேவை சில சமயம் உண்மையிலேயே இருக்கும். அப்படியானால் முதல் நாளே பொது மெயில் ஒன்றைத் திறங்கள், உங்கள் சொந்த மெயிலில் எதையும் வைக்காதீர்கள். உங்களுக்கு இரண்டு வருடம் இளையவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி செமஸ்டரில் அவரை நடத்த விட்டு நீங்கள் ஓரமாக நில்லுங்கள். 'ராத்திரி விமானத்துக்கு இரண்டு ஓட்டுநர்' போன்ற சின்ன விஷயங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஆளே கிடைக்கவில்லையா, ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டு மூடுங்கள். ஃபார்மையும் சேர்த்து.

போன வருடம் ஒரு மாணவி வந்தாள். எதையும் தொடங்கியவள் இல்லை. மூன்று வருடம் பேன்ட்ரியில் அலமாரி அடுக்கியவள். டப்பா சூப்பும் மக்ரோனியும் அப்படியே கிடக்க, வெளிநாட்டு மாணவர்கள் வெறும் பையோடு திரும்புவதைப் பார்த்து, சண்டை போட்டு அரிசியும் பருப்பும் வரவழைத்திருக்கிறாள். வழக்கமான கேள்வியைக் கேட்டேன். பதில் பேசாமல் போனைத் திறந்து, அடுத்த வாரம் யார் யார் எந்த நேரம் என்ற பட்டியலைக் காட்டினாள். அதில் அவள் பெயர் இல்லை. முழு மதிப்பெண் போட்டேன்.

'நாங்கள் செய்தோம்'

'நான்' என்றால் தலைக்கனம் என்று வளர்ந்தவர்கள் நாம். கட்டுரை முழுக்க 'நாங்கள்' என்று எழுதினால், அதில் உங்கள் கை எது என்று எங்களுக்குத் தெரியாது. பத்துப் பேர் சேர்ந்து செய்ததைப் பத்துப் பேர் என்றே எழுதுங்கள். அதில் நீங்கள் செய்த அந்த ஒரு வேலையை 'நான்' போட்டு எழுதுங்கள்.

மறுபக்கமும் உண்டு. ஒரு வருடம் ஒரே தீபாவளி விழாவை மூன்று விண்ணப்பதாரர்கள் தனித்தனியாக, தனியொருவராக நடத்தியிருந்தார்கள். மூன்றும் ஒரே மேஜைக்குத்தான் வந்தன.

பெரிய மனிதரின் கடிதம்

துறைத் தலைவர் கொடுக்கும் பரிந்துரைக் கடிதத்தில் 'வகுப்புக்கு ஒழுங்காக வருவார்' என்பதற்கு மேல் என்ன இருக்கும்? உங்களை அவருக்கு அவ்வளவுதான் தெரியும். ஒரு பேன்ட்ரி மேற்பார்வையாளர் அனுப்பிய ஒன்பது வரிக் கடிதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஃப்ரீசர் பழுதான ராத்திரி அந்த மாணவன் எத்தனை பேருக்குப் போன் போட்டான், உருகுவதற்குள் சாமான்களை எந்தச் சமையலறைக்கு மாற்றினான் என்று மட்டும் எழுதியிருந்தார். இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

500 மணி நேரம்

சேவை செய்த நேரத்தை இப்படி உருண்டையான எண்ணாக எழுதினால் நம்ப மாட்டோம். அன்றன்றைக்கே குறித்து வையுங்கள்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள்

சம்பளமில்லாத தொண்டு வேறு, வழக்கமாகச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் வேலையை இலவசமாகச் செய்வது வேறு. இரண்டாவதைச் சேவை என்று எழுதாதீர்கள், செய்யவும் செய்யாதீர்கள். ஊக்கத்தொகை, கிஃப்ட் கார்டு என்று யாராவது நீட்டினால் வாங்குவதற்கு முன்னால் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மைதானத்தில்

ஆட்டத்தின் நடு இடைவேளையான ஹாஃப்டைம் இருபது நிமிடம், அதில் பேண்டு வாத்தியமும் உண்டு. உங்களுக்குக் கிடைப்பது சில விநாடிகள். பல இடங்களில் அப்பாவோ அம்மாவோ கைகோத்து அழைத்துப் போவார்கள். உங்கள் வீட்டார் வர முடியாதென்றால் இரண்டு வாரம் முன்பே யாரையாவது கேட்டுவிடுங்கள், முதல் நாள் ராத்திரி தேடாதீர்கள். என்னை அழைத்துப் போனது எங்கள் டைனிங் ஹாலில் சமைத்த அம்மாள். நான்கு வருடம் எனக்காகத் தனியாக முட்டை வறுத்துக் கொடுத்தவர். அன்றைக்குத்தான் முதல்முறை அவரை ஏப்ரன் இல்லாமல் பார்த்தேன்.

அப்புறம், குளிர். அக்டோபர் கடைசி, திறந்த ஸ்டேடியம், நான் பட்டுச் சேலையில் நின்றேன். தஞ்சாவூரில் அப்போது ராத்திரி இரண்டரை மணி, அம்மா தூங்காமல் வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டை, கைதட்டல் எல்லாம் முடிந்து போனைக் காதில் வைத்ததும் முதலில் கேட்டது இதுதான்: "ஏண்டி, உள்ளுக்கு ஒரு ஸ்வெட்டர் போட்டிருந்தா என்ன கொறஞ்சா போயிடும்?"