போத்தலுக்குள் பத்துப் போளை: நிகழ்தகவுக் கணக்கைக் கையால் செய்து பழகுவோம்

நிகழ்தகவு என்றதும் முகம் சுருங்கும் பிள்ளைகளிடம் நான் கொப்பியைத் திறக்கச் சொல்வதில்லை. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேசையில் ஒரு ஜாம் போத்தல் இருக்கிறது. அதற்குள் புறக்கோட்டை நடைபாதைக் கடையில் வாங்கிய போளைகள்: சிவப்பு 5, நீலம் 3, பச்சை 2. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பவர்கள் நீங்களும் இப்படி ஒரு போத்தலை வைத்துக்கொள்ளுங்கள். பத்தும் ஒரே அளவாக இருக்க வேண்டும், அது முக்கியம். கணக்கில் வரும் ‘எழுமாறாக’ என்ற சொல்லுக்குப் பொருளே அதுதான். தடவிப் பார்த்து நிறம் கண்டுபிடிக்க முடிந்தால் கணக்கு பிழைத்துவிடும்.

முதலில், எண்ணுங்கள். மொத்தம் 10, சிவப்பு 5. ஒரு போளை எடுக்கும்போது அது சிவப்பாக இருக்க நிகழ்தகவு 5/10. இதில் யாருக்கும் சிக்கல் இல்லை.

இரண்டாவது போளைக்குப் போகும்போதுதான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். ஆகவே இரண்டாம் படியில், எடுத்ததைத் திரும்பப் போட்டார்களா இல்லையா என்று வினாவில் தேடி, அந்தச் சொல்லின் கீழ் கோடு போடுங்கள். ‘ஒரே தடவையில் இரண்டு எடுக்கப்பட்டன’ என்றிருந்தால், திரும்பப் போடவில்லை என்றே வைத்துக் கணக்கிடலாம்.

மூன்றாம் படி: இரண்டாவது எடுப்புக்கு முன் போத்தலில் இப்போது என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். போன கிழமை ஒரு மாணவி “ரீச்சர், ரெண்டாவதும் 5/10 தானே?” என்று கேட்டாள். அவள் கையில் ஒரு சிவப்புப் போளை இருந்தது. “கையில இருக்கிறதை விட்டுட்டு எண்ணம்மா” என்றேன். போத்தலை வெளிச்சத்துக்குத் தூக்கி எண்ணினாள்: சிவப்பு 4, மொத்தம் 9. அதற்குப் பிறகு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டும் சிவப்பாக இருக்க, திரும்பப் போடாவிட்டால் 5/10 × 4/9 = 20/90. போட்டால் 5/10 × 5/10 = 25/100.

இனி மரவரிப்படம். முதல் எடுப்புக்கு மூன்று கிளை, ஒவ்வொன்றின் நுனியிலும் மறுபடி மூன்று. கிளை வழியே போகும்போது பெருக்குங்கள், வெவ்வேறு கிளைகளின் விடைகளைச் சேர்க்கும்போது கூட்டுங்கள். பின்னங்களை உடனே சுருக்காதீர்கள், பகுதியெண் 90 ஆகவே இருக்கட்டும். திரும்பப் போடாத கணக்கில் சிவப்பில் தொடங்கும் கிளைகள் 20, 15, 10. நீலத்தில் தொடங்குபவை 15, 6, 6. பச்சையில் 10, 6, 2. ஒன்பதையும் கூட்டினால் சரியாக 90 வரும். வராவிட்டால் எங்கோ ஒரு கிளை பிழை. பரீட்சை மண்டபத்தில் உங்களை நீங்களே திருத்திக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இப்போது ‘ஒன்று சிவப்பு, மற்றது நீலம்’. பலர் 15/90 என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவார்கள். சிவப்பு முதலில் வரலாம், நீலமும் முதலில் வரலாம். இரண்டு கிளைகளையும் கூட்டுங்கள்: 30/90, அதாவது 1/3.

‘ஒரே நிறம்’ என்றால் 20 + 6 + 2, ஆக 28/90. ‘வெவ்வேறு நிறம்’ என்றால் புதிதாக எதுவும் செய்ய வேண்டாம், 1 இலிருந்து கழித்தால் போதும்: 62/90 = 31/45.

‘குறைந்தது ஒன்றாவது சிவப்பு’ என்பதும் அப்படித்தான். சிவப்பே வராமல் இருக்க 5/10 × 4/9 = 2/9. எனவே விடை 7/9. ஐந்து கிளைகளைக் கூட்டியும் இதே விடைக்கு வரலாம். முதல் தடவை இரண்டு வழியிலும் செய்து பாருங்கள், அப்போதுதான் கழித்தல் வழியில் நம்பிக்கை வரும்.

அடுத்தது உங்களுக்கு: அதே போத்தல், திரும்பப் போடாமல் இரண்டு எடுக்கிறீர்கள். குறைந்தது ஒன்றாவது நீலமாக இருக்க நிகழ்தகவு என்ன? 8/15 வந்தால் சரி. வராவிட்டால் போத்தலைத் திறந்து மூன்றாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.