ஹேமாக் தார்ப்பாய்: கடலோரத்தில் துணியைக் கெடுக்கும் தவறுகள்

மழைக்காலம் முடிந்ததும் கடலூர், புதுவைப் பக்கத்துச் சவுக்குத் தோப்புகளில் ஹேமாக் (இரண்டு மரங்களுக்கு நடுவே தொங்கும் துணிப் படுக்கை) கட்டப் புது ஆட்கள் கிளம்பிவிடுகிறார்கள். அதன் மேல் கூரையாகக் கட்டும் தார்ப்பாய் கையில் அரைக் கிலோகூட வராது, விலையோ ஆயிரக்கணக்கில். முடிச்சு அவிழ்வதும் முளை பிடுங்கிக்கொள்வதும் ஒரே இரவில் பாடம் கற்றுக்கொடுத்துவிடும், அவற்றை விடுவோம். துணியைக் கெடுக்கும் தவறுகள் பல மாதம் கழித்துத்தான் வெளியே தெரியும்.

ஈரத்தோடு மடித்து வைப்பது

இதைப் பார்க்கும்போதுதான் இன்னமும் ஆத்திரம் வருகிறது, ஏனென்றால் முழுக்கத் தவிர்க்கக்கூடிய நஷ்டம் இது. ஞாயிறு காலை பனி ஈரத்தோடு பையில் திணித்து, வீட்டுக்கு வந்ததும் பரணில் போட்டுவிடுகிறார்கள். அடுத்த ஐப்பசியில் எடுத்தால் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். பிரித்தால் பிசுபிசுப்பு, வாந்தி போன்ற புளித்த நாற்றம். உள்பக்கப் பூச்சு செதில் செதிலாகக் கையோடு வரும்.

விலை குறைந்த தார்ப்பாய்கள் பலவற்றில் தண்ணீர் புகாமலிருக்க வெளிப்பக்கம் சிலிக்கான் பூச்சு, உள்பக்கம் பாலியூரித்தேன் பூச்சு. ஈரமும் சூடும் சேர்ந்தால் தண்ணீர் பாலியூரித்தேனின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிடும். நம் கரையோரப் புழுக்கத்தில் அது வேகமாக நடக்கும். ஷீட் போட்ட மாடி அறையும் கார் டிக்கியும் இன்னும் மோசம். உப்புக்காற்றில் படிந்த உப்பு வேறு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் காய்ந்த துணியும் மறுபடி நமத்துப்போகும். பூச்சு பிசுபிசுக்க ஆரம்பித்துவிட்டால் அதைப் பழையபடி ஆக்க வழியில்லை.

உங்கள் துணி எந்த வகை என்று பார்க்க, இரண்டு பக்கமும் செல்லோடேப் ஒட்டிப் பாருங்கள். சிலிக்கானில் டேப் பிடிக்காது, பாலியூரித்தேனில் பிடித்துக்கொள்ளும். தையல் மேல் கடையிலேயே டேப் ஒட்டி வந்திருந்தால் அந்தப் பக்கம் பெரும்பாலும் பாலியூரித்தேன்தான்.

ஊர் திரும்பிய அன்றே நல்ல தண்ணீரில் அலசுங்கள், சோப்பு வேண்டாம். பிழியாமல் நிழலில் கொடியில் போடுங்கள். கார்த்திகை மாதமானால் மின்விசிறிக்கடியில் ஒரு முழு நாள். துணி காய்ந்தாலும் தையலும் மூலைப் பட்டிகளும் ஈரமாகவே இருக்கும், அவற்றை விரலால் தொட்டுப் பார்த்த பிறகே எடுங்கள். பிறகு பருத்திப் பையில் தளர்வாக, வீட்டிலேயே குளுமையான அறையில் வையுங்கள். அதனோடு வந்த இறுக்கமான சின்னப் பை பயணத்துக்கு மட்டும்.

பகலெல்லாம் வெயிலில் விரித்து வைப்பது

புற ஊதாக் கதிர் நைலானைச் சீக்கிரம் அரிக்கும். பாலியெஸ்டர் அதைவிடத் தாங்கும், ஆனால் மெல்லிய துணியில் நூல் குறைவு, இழப்பதற்கு அதிகம் இல்லை. மத்தியான நிழலுக்குப் பழைய வேட்டி ஒன்றைக் கட்டுங்கள். தார்ப்பாய் மழைக்கும் இரவுக்கும்.

டெனியர் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது

9,000 மீட்டர் நூல் 20 கிராம் எடை இருந்தால் அது 20 டெனியர், அவ்வளவுதான். நெசவு எவ்வளவு நெருக்கம், பூச்சு எவ்வளவு கனம் என்று அந்த எண் சொல்லாது. துணி வகையையும் பாருங்கள்: சில்நைலான் (சிலிக்கான் பூசிய நைலான்) ஈரத்தில் நீண்டு தொய்யும். படுக்கப்போகும் முன் ஒருமுறை இறுக்குங்கள், அல்லது மூலைக் கயிற்றில் எலாஸ்டிக் சேருங்கள். தொய்ந்த துணி காற்றில் படபடக்கும். பூச்சும் தையலும் அதில்தான் தளரும். கடற்கரைக்கு 20 டெனியர் சிலிக்கான் பாலியெஸ்டரே எங்கள் தேர்வு.

டைனீமா காம்போசிட் என்றால் எதையும் தாங்கும் என்று நம்புவது

சதுர மீட்டருக்கு 17 கிராம் வகையில் 11 அடிக்கு 8 அடித் தார்ப்பாய்க்குத் துணி மட்டும் சுமார் 140 கிராம். இழுவிசையில் அருமையான துணி, நனைந்தாலும் நீளாது. ஆனால் அது நெய்த துணி அல்ல, இரண்டு மெல்லிய பாலியெஸ்டர் படலங்களுக்கு நடுவே டைனீமா என்ற மிக வலுவான இழைகளை வைத்து ஒட்டியது. உராய்வும் குத்தலும் அதற்கு ஆகாது. தோப்புத் தரையில் கூர்மையான சவுக்குக்காய்கள் கிடக்கும், அவற்றின் மேல் விரித்து முழங்காலை ஊன்றி மடித்தால் ஊசித்துளை நிச்சயம். ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப மடித்தாலும் படலம் விரிசல் விடும். ரிட்ஜ்லைனில் (தார்ப்பாயைத் தாங்க மரத்துக்கு மரம் கட்டிய கயிறு) தொங்கும்போதே குழாய் போன்ற வலை உறைக்குள் உருவிச் சுருட்டுங்கள்.

தையலை அடைக்காமல் விடுவது

சிலிக்கான் துணிக்குச் சிலிக்கான் சீலன்ட் (தையல் துளைகளை அடைக்கும் பசை) மட்டுமே பிடிக்கும். கண்ணாடி ஒட்டும் தூய சிலிக்கான் ஒரு பங்கு, மினரல் டர்பன்டைன் இரண்டு பங்கு, காற்றோட்டமான இடத்தில் கலந்து தூரிகையால் தையல் மேல் மெல்லிதாகப் பூசுங்கள். 24 மணி நேரம் காயவிட்டு, ஒட்டாமல் இருக்க டால்கம் பவுடர் தூவுங்கள். பாலியூரித்தேன் பக்கத்தில் இந்தக் கலவை உரிந்துவிடும், அதற்குப் பாலியூரித்தேன் சீலன்ட்தான்.

கொசுவத்திச் சுருள்

தார்ப்பாய்க்கு அடியில் வேண்டாம். ஒரு பொறி போதும்.

வாஷிங் மெஷின்

போடவே கூடாது.